காணாமல் ஆக்கப்பட்டோர் நாவல்களும் சட்ட நூல்களும்: ஒரு கடிதம்

வணக்கம்.

கோவையில் தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஈழத் தமிழ் நாவல்களில் காணாமல் ஆக்கப்பட்டோர் என்பது தலைப்பு. சர்வதேச மனித உரிமைச் சட்டம் பற்றி முதல் இயலாக ஒன்று எழுதச் சொல்கிறார் நெறியாளர். கூகுள் ஸ்காலரில் கிடைத்த கட்டுரைகளை எல்லாம் இறக்கி வைத்திருக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஐநாவின் 1948 உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம் எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் என்கிறார் ஒருவர், கட்டுப்படுத்தாது என்கிறார் இன்னொருவர். நாவல்கள்தான் மனித உரிமை என்ற எண்ணத்துக்கே வழிவிட்டன என்கிறார் ஒரு பேராசிரியர். அதெல்லாம் 1970களில் வந்தது என்கிறார் வேறொருவர். ஐநா அறிக்கை, தொண்டு நிறுவன அறிக்கை, சட்ட இதழ்க் கட்டுரை, இவற்றில் எதை நம்புவது? அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரையை எடுத்துக்கொண்டால் போதுமா? நான் சட்டம் படித்தவள் இல்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சட்டம் படிக்காதது இந்த வேலைக்குப் பெரிய தடை இல்லை. இலக்கியம் படித்த நாம் நாவல், நேர்காணல், விமர்சனம் எல்லாவற்றையும் பிரதி என்று எடுத்து ஒரே மாதிரி படித்துப் பழகிவிட்டோம். உங்கள் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. சட்டத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எடை உண்டு. எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்பதை வைத்து அந்த எடை வருவதில்லை. யார், எந்த அதிகாரத்தோடு எழுதினார் என்பதை வைத்து வருகிறது. ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றத்தின் சாசனத்தில் 38ஆவது விதி இதை வரிசைப்படுத்துகிறது: ஒப்பந்தங்கள், வழக்காற்றுச் சட்டம் (நாடுகள் கடமையாக ஏற்றுத் தொடர்ந்து கடைப்பிடிப்பதால் சட்டமாகிவிட்ட வழக்கம்), பொதுக் கோட்பாடுகள். நீதிமன்றத் தீர்ப்புகளும் அறிஞர்களின் எழுத்தும் இவற்றுக்குப் பிறகு, துணையாக மட்டும். நீங்கள் இறக்கி வைத்திருக்கும் கட்டுரைகள் எல்லாம் இந்தக் கடைசி வரிசையில் வருபவை. ஆகவே ஒவ்வொரு கட்டுரையிலும் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, அது எதன்மேல் நின்று பேசுகிறது என்பதைத்தான்.

1948 பிரகடனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஐநா பொதுச் சபையின் தீர்மானம். அந்த வருடம் டிசம்பர் 10ஆம் தேதி 48 நாடுகள் ஆதரித்தன, 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின, எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. ஒப்பந்தம் இல்லாததால் அது தன்னளவில் யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் சில பகுதிகள் இன்று வழக்காற்றுச் சட்டமாகிவிட்டன என்று பல சட்ட அறிஞர்கள் சொல்கிறார்கள், எந்தப் பகுதிகள் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நீங்கள் படித்த இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி சரி. எந்தப் பாதி என்று சொல்லாமல் போனதுதான் இரண்டிலும் குறை.

கட்டுரையாளருக்கு விஷயம் தெரியுமா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. 1948 பிரகடனத்தில் இன்ன நாடு கையெழுத்திட்டது என்று எழுதியிருந்தால் எச்சரிக்கையாகுங்கள். வாக்கெடுப்பில் நிறைவேறிய தீர்மானத்தில் எந்த நாடும் கையெழுத்திடுவதில்லை. இலங்கைக்கோ அன்று வாக்கே கிடையாது, ஐநாவில் அது சேர்ந்தது 1955இல்தான். அதேபோல, ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதையும், அதற்குக் கட்டுப்படுவதாக முறைப்படி ஏற்புறுதி செய்வதையும் ஒன்றாகப் பேசுகிறவர்களையும் கவனியுங்கள். வலிந்து காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான சமவாயத்தில், அதாவது அது பற்றிய சர்வதேச ஒப்பந்தத்தில், இந்தியா 2007இல் கையெழுத்திட்டது, இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. ஐநாவின் மனித உரிமைகள் பேரவை 47 நாடுகளின் அரசுகள் உட்காரும் இடம். மனித உரிமைகள் குழு 18 நிபுணர்கள் கொண்ட தனி அமைப்பு. நம் பத்திரிகைகள் இரண்டையும் கலந்து எழுதுவது வழக்கமாகிவிட்டது, ஆய்விதழ்களிலும் அது நுழைந்துவிட்டது. இந்த அடிப்படையில் தவறு செய்பவரின் மற்ற வரிகளை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி உங்கள் தலைப்புக்கு வருகிறேன். எனக்கு இதில்தான் அதிகம் சொல்ல இருக்கிறது.

காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய சமவாயம் 2006இல் நிறைவேறி 2010 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இலங்கை அதை 2016இல் ஏற்றது, அதற்கான உள்நாட்டுச் சட்டம் 2018இல் வந்தது. உங்கள் நாவல்களில் பெரும்பாலானவை 1980களிலும் 90களிலும் நடக்கின்றன. அந்தக் காலத்து ராணுவ முகாம் ஒன்றைக் காட்டி, இது சமவாயத்தின் இன்ன பிரிவை மீறுகிறது என்று எழுதும் கட்டுரை காலத்தைக் கவனிக்கவில்லை. சமவாயம் நடைமுறைக்கு வந்த பிறகு தொடங்கிய சம்பவங்களை மட்டுமே அதன் குழு எடுத்துக்கொள்ள முடியும் என்று 35ஆவது பிரிவு சொல்கிறது. அந்த வருடங்களுக்குப் பொருந்துவது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய உடன்படிக்கை. இலங்கை அதில் 1980இலேயே இணைந்துவிட்டது.

அந்த உடன்படிக்கையின் கீழ் வந்த ஒரு முடிவை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். 1976இல் உருகுவே தலைநகர் மொண்டெவிடியோவில் ஓர் இளம்பெண்ணை ராணுவத்தினர் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. அவருடைய அம்மா, அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் மனித உரிமைகள் குழுவிடம் முறையிட்டார். மகளுக்கு என்ன ஆனது என்று அறியும் உரிமை தாய்க்கு உண்டு, தெரியாமல் தவிக்கும் அந்தத் தவிப்பாலேயே தாயும் பாதிக்கப்பட்டவர் ஆகிறார் என்று 1983 ஜூலையில் குழு சொன்னது. சித்திரவதையையும் கொடூரமாக நடத்துவதையும் தடுக்கும் 7ஆவது பிரிவை அம்மாவுக்கும் பொருத்தியது. பிறகு வந்த சமவாயத்தின் 24ஆவது பிரிவில் இது விதியாகவே எழுதப்பட்டது. உங்கள் நாவல்களில் படத்தைத் தூக்கிக்கொண்டு முகாம் முகாமாக அலையும் தாய்மார்களை நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்காகச் சாட்சி சொல்ல வந்தவர்கள் என்று மட்டுமே அவர்களைப் படித்துவிடலாம். சட்டம் அவர்களையே வழக்கின் நடுவில் நிறுத்துகிறது. நாவல் அதை முன்பே செய்திருக்கிறதா, இல்லை அம்மாவை ஓரத்தில் அழவிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறதா? இது கேட்கத் தகுந்த கேள்வி. சட்டம் தெரிந்தால்தான் இந்தக் கேள்வி எழும்.

இன்னொன்றும் உண்டு. ஆள் என்ன ஆனார் என்று தெரியும்வரை காணாமல் ஆக்குவது தொடர் குற்றம் என்று ஐநாவின் 1992 பிரகடனம் சொல்கிறது. குற்றம் நடந்த நாளோடு முடிவதில்லை. இருபது வருடம் கழிந்தும் இரவில் வாசல் கதவைத் தாழிடாத தாயைப் பற்றி ஒரு நாவல் எழுதினால், அது பழைய சம்பவத்தின் நினைவு ஆகாது. அந்தப் பிரகடனத்தின்படி குற்றம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் ஆய்வின் மையம் இங்கே இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இந்தச் சட்டத்தில் உங்களுக்குச் சங்கடமான இடமும் உண்டு. சமவாயத்தின் வரையறை அரசையும், அரசின் ஒப்புதலோடோ ஆதரவோடோ செயல்படுபவர்களையும் பற்றியது. அப்படி இல்லாத குழுக்கள் ஆட்களைக் கொண்டுபோனால் அரசு விசாரிக்க வேண்டும் என்று 3ஆவது பிரிவு தனியாகச் சொல்கிறது. ஆயுத இயக்கங்கள் கொண்டுபோய்த் திரும்பாத பிள்ளைகளும் ஈழ நாவல்களில் இருக்கிறார்கள். ஒரு கட்டுரை இந்த இடத்தை எப்படிக் கடக்கிறது என்று பாருங்கள். வரையறைக்குள் வராதவர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாமல் போகிறவரும் சரி, இரண்டும் ஒன்றுதான் என்று வரையறையைக் கலைத்துவிடுகிறவரும் சரி, தன் அரசியலை முதலில் தீர்மானித்துவிட்டுச் சட்டத்தைத் தேடியவர்தான்.

அறிக்கைகள் பற்றிக் கேட்டீர்கள். எந்த அறிக்கையையும் நம்பலாமா என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். அது எதை, எந்த அளவு உறுதியோடு சொல்கிறது என்று பாருங்கள். இலங்கை பற்றி ஐநா பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழுவின் 2011 அறிக்கையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். போரின் கடைசிக் கட்டத்தில் 40,000 பேர் கொல்லப்பட்டதாக ஐநா உறுதிசெய்தது என்று எத்தனையோ இடங்களில் எழுதுகிறார்கள். மூலத்தைத் திறந்தால், 40,000 வரையிலான பொதுமக்களின் மரணத்தை இந்தக் கட்டத்தில் மறுத்துவிட முடியாது என்றும், முறையான விசாரணை நடந்தால்தான் சரியான எண்ணிக்கை கிடைக்கும் என்றும் இருக்கிறது. அந்த விசாரணை வேண்டும் என்பதுதான் அறிக்கை வைத்த கோரிக்கை. அதை முடிந்த கணக்காக மாற்றி எழுதும்போது கோரிக்கை காணாமல் போய்விடுகிறது. இறந்தவர்களுக்காக வருத்தப்படுகிற நாம்தான் இதில் மிகவும் கறாராக இருக்க வேண்டும். தளர்வாக எழுதிய ஒரு வரி போதும், எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல விரும்புகிறவர் அதைப் பிடித்துக்கொள்வார்.

மேற்கோள் எண்ணிக்கை பற்றியும் இதையேதான் சொல்வேன். ஆயிரம் பேர் மேற்கோள் காட்டிய வரியாக இருந்தாலும், அதில் எத்தனை பேர் மூலத்தைத் திறந்து பார்த்தார்கள் என்பதை எண்ணிக்கை சொல்லாது. முக்கியமான ஒவ்வொரு வரியிலும் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு, ஆணிவேர் தெரியும்வரை தோண்டுவதுபோல மூல ஆவணம்வரை இறங்குங்கள். ஐநா ஆவணங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஆவண எண் தெரிந்தால் போதும். எண் தராத கட்டுரையை ஒதுக்கிவிடலாம். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் அச்சிடும் இதழ்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கே தெரியும். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, தரமான ஆய்விதழ்கள் என்று தான் வைத்திருந்த கேர் பட்டியலைக் கைவிட்ட பிறகு தரம் பார்க்கும் பொறுப்பு நம் தலையில்தான்.

அப்புறம் அந்த இரண்டு பேராசிரியர்கள். நீங்கள் சொல்வது லின் ஹன்ட்டையும் சாமுவேல் மொய்னையும் என்று நினைக்கிறேன். 18ஆம் நூற்றாண்டின் கடித நாவல்கள் வாசகர்களுக்குத் தங்கள் வர்க்கத்துக்கு வெளியே இருப்பவர்கள்மேல் பரிவைப் பழக்கின, அது உரிமைப் பிரகடனங்களுக்கு வழிவிட்டது என்பது ஹன்ட்டின் 2007 நூல். எல்லைகளைக் கடந்த இயக்கமாக மனித உரிமை எழுந்தது 1970களில்தான் என்பது மொய்னின் 2010 நூல். இருவரும் வரலாற்றாசிரியர்கள். இருவரும் மனித உரிமை என்று சொல்வது ஒரே பொருளை அல்ல. அதனால் ஒருவரை வைத்து மற்றவரைத் தோற்கடிக்கத் தேவையில்லை. ஹன்ட்டிடம் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நாவல் படித்த அதே ஐரோப்பியர்கள் அடிமைக் கப்பல்களையும் நடத்தினார்கள். பரிவிலிருந்து சட்டம்வரையிலான தூரத்தை அவர் சுலபமாகத் தாண்டிவிடுகிறார்.

உங்களுக்கு அதிகம் உதவப்போவது ஜோசப் ஸ்லாட்டர். அவர் இலக்கியத் துறைக்காரர். ஒரு மனிதன் வளர்ந்து சமூகத்தில் தன் இடத்தை அடையும் நாவல் வடிவமும் மனித உரிமைச் சட்டமும் மனிதனைப் பற்றி ஒரே கற்பனையைப் பகிர்ந்துகொள்கின்றன என்பது அவர் வாதம். 1948 பிரகடனத்தை விவாதித்தபோது, சமூகத்தில் மட்டும்தான் மனிதனின் ஆளுமை முழுதாக வளர முடியுமா என்ற கேள்விக்குப் பெல்ஜியப் பிரதிநிதி ராபின்சன் குரூசோவை உதாரணம் காட்டினார், சோவியத் பிரதிநிதி அதே நாவலை வேறு விதமாகப் படித்துப் பதில் சொன்னார். ஸ்லாட்டர் கூட்டக் குறிப்புகளிலிருந்து இதை எடுத்துக் காட்டுகிறார், நீங்களும் அவற்றைப் படித்துப் பார்க்கலாம். அவரிடமும் ஒன்று கேட்க வேண்டும். வளர்ச்சியே நாவலின் வடிவம் என்றால், வளர்வதற்கு முன் தூக்கிச் செல்லப்பட்டவனின் நாவலுக்கு என்ன வடிவம்?

கடைசியாக உங்கள் நெறியாளர் சொன்ன முதல் இயல். அவரிடம் மரியாதையோடு பேசிப் பாருங்கள். சட்டத்தை முதலில் வைத்தால், பின்னால் வரும் ஒவ்வொரு நாவலும் சட்டத்துக்கு உதாரணமாகச் சுருங்கிவிடும். தாயைப் பற்றிய இயலில் உருகுவே வழக்கையும் 24ஆவது பிரிவையும் வையுங்கள், காலத்தைப் பற்றிய இயலில் தொடர் குற்றத்தை வையுங்கள். தனி இயல் வேண்டும் என்று அவர் உறுதியாக நின்றால், நாவல்களைப் பற்றிய இயல்களை முதலில் எழுதி முடித்துவிட்டு அதைக் கடைசியாக எழுதுங்கள். எந்தச் சட்டம் தேவைப்பட்டது என்று அதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.