சிபிநாட் கார்ட்ரிட்ஜ் எரர் ஆவது எதனால்?

கேள்வி: எங்கள் லேபில் நான்கு மாட்யூல் (ஒவ்வொன்றிலும் ஒரு கார்ட்ரிட்ஜ் ஓடும்) சிபிநாட் மெஷின் (கிருமியின் மரபணுவைத் தேடும் CBNAAT கருவி) இருக்கிறது. காசநோய்க்கு அல்ட்ரா என்ற வகைக் கார்ட்ரிட்ஜ் (சோதனை நடக்கும் சிறு பெட்டி) போடுகிறோம். பத்து சளி மாதிரிக்கு ஒன்றாவது எரர் ஆகிறது. பெரும்பாலும் 2008 அல்லது 5007. மெஷின் பழுதா? மீதிச் சளியை மறுபடி போடலாமா?

பதில்: சர்வீஸுக்குப் போன் செய்யும் முன் உங்கள் மேசையைக் கவனியுங்கள். இந்த இரண்டு எண்களும் பெரும்பாலும் மெஷினில் உண்டாவதில்லை. சளியைக் கரைக்கும் அந்த 15 நிமிடத்தில்தான் உண்டாகின்றன.

2008 வந்தால் கார்ட்ரிட்ஜுக்குள் அழுத்தம் எல்லை மீறிவிட்டது என்று பொருள். திரவம் உள்ளே ஒரு வடிகட்டி வழியாகப் போகிறது. கரையாத கோழையோ, சோற்றுப் பருக்கை, வெற்றிலைத் துணுக்கோ வந்தால் அது அடைத்துக்கொள்ளும். 5006, 5007 என்பவை புரோப் (கிருமியின் மரபணுவில் ஒட்டி ஒளி தரும் துண்டு) சோதனைத் தோல்வி. பிசிஆர் (மரபணுவைப் பெருக்கும் கட்டம்) தொடங்கும் முன் ரியாக்‌ஷன் குழாய் நிரம்பியிருக்கிறதா, ஒளி அளவு சரியா என்று மெஷின் பார்க்கும். அளவு குறைந்தாலும், குமிழி புகுந்தாலும், திரவம் கெட்டியாக இருந்தாலும் அதில் தோற்கும்.

ஒரு பங்கு சளிக்கு இரண்டு பங்கு சாம்பிள் ரியேஜென்ட் (சளியைக் கரைக்கும் திரவம்). பாட்டிலில் 8 மி.லி. இருக்கிறது என்பதற்காக முழுவதையும் கவிழ்க்கக் கூடாது. 1 மி.லி. சளியில் 8 மி.லி. ஊற்றினால் கிருமி நீர்த்துப்போய், இருக்கிற நோயும் தெரியாமல் போகலாம். இது எரராகக்கூடக் காட்டாது, நெகடிவ் என்றே வரும். எனக்கு எரரைவிட இதுதான் பயம்.

மூடியை இறுக்கி 10 முதல் 20 தடவை வேகமாகக் குலுக்குங்கள். முன்னும் பின்னும் சேர்ந்தால்தான் ஒரு தடவை. அறை வெப்பத்தில் 10 நிமிடம் வைத்து, திரும்பவும் அதே மாதிரி குலுக்கி, இன்னும் 5 நிமிடம் விடுங்கள். டப்பாவைச் சாய்த்தால் தண்ணீர்போல் ஓட வேண்டும். நூல் இழுத்தாலோ கட்டி தெரிந்தாலோ இன்னும் 5, 10 நிமிடம் பொறுங்கள். வரிசையில் மாதிரிகள் காத்திருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இந்தக் காத்திருப்புதான்.

கார்ட்ரிட்ஜோடு வரும் பைப்பெட்டில் 2 மி.லி. கோடு வரை எடுங்கள். அடியில் படிந்த துணுக்குகளை விட்டுவிட்டு, மெதுவாக, குமிழி வராமல் ஊற்றுங்கள். பின்பக்கம் நீட்டியிருக்கும் தட்டையான மெல்லிய குழாயை விரலால் தொடாதீர்கள். ஒளி அளப்பது அதன் வழியாகத்தான். ஊற்றியபின் கார்ட்ரிட்ஜைக் குலுக்க வேண்டாம். கீழே விழுந்ததைப் போடவே வேண்டாம்.

மறுபடி போடுவது பற்றி: ரியேஜென்ட் கலந்து 4 மணி நேரத்துக்குள், மீதி 2 மி.லி. இருந்தால் புதுக் கார்ட்ரிட்ஜில் போடலாம். 1 மி.லி. சளி வந்திருந்தால் கலவை 3 மி.லி.தான், ஒரு முறை எடுத்ததும் மிஞ்சுவது 1 மி.லி. அது போதாது, புதுச் சளி கேட்டு வாங்க வேண்டியதுதான். 2 மி.லி. சளி வந்தால் இந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவு செய்தும் எரர் குறையாவிட்டால் ஒரு நோட்டுப் போடுங்கள்: எரர் எண், மாட்யூல், கார்ட்ரிட்ஜ் லாட் (தயாரிப்புத் தொகுதி எண்), மாதிரியைத் தயாரித்தவர், சளி எந்த மையத்திலிருந்து வந்தது. இரண்டு வாரத்தில் விஷயம் பிடிபடும். ஒரே மாட்யூலில் குவிந்தால் சர்வீஸைக் கூப்பிடுங்கள். ஒரே மையத்து மாதிரிகளில் குவிந்தால், நோயாளி வாய் கொப்பளித்தபின் சளி எடுக்கிறார்களா என்று அங்கே கேளுங்கள். 2127 வந்தால் கணினியோடு மாட்யூலின் தொடர்பு அறுந்திருக்கிறது. யூபிஎஸ், கேபிள் பாருங்கள். வெப்பநிலை எரர் வந்தால் ஃபேன் ஃபில்டரில் தூசியா, அறை 30 டிகிரியைத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

‘இன்வேலிட்’ வேறு கதை: கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருக்கும் கட்டுப்பாட்டு மாதிரி பெருகவில்லை. எரரோ, இன்வேலிடோ, கரண்ட் போய் ‘நோ ரிசல்ட்’டோ, எதையும் நெகடிவ் என்று பதியாதீர்கள்.

‘டிரேஸ்’ வந்தாலும் சிலர் எரர் என்று நினைத்து அதே சளியைத் திரும்பப் போடுகிறார்கள். அது பாசிட்டிவ் முடிவு. கிருமி மிகக் குறைவாக இருப்பதால் ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். அப்படியே எழுதி டாக்டருக்கு அனுப்புங்கள்.