புயலை விடுங்கள், கப்பலைப் பிடியுங்கள்

கேள்வி: மன்னார்குடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நான். மனைவியுடன் அண்டார்டிகா போய்வரத் திருச்சியில் ஒரு பயண முகவரிடம் 18 லட்சம் ரூபாய் கட்டினேன். நூறு பேருக்கு மேல் ஏற்றாத சிறிய கப்பல், தினம் இரண்டு முறை கரையில் இறக்குவோம் என்றார்கள். புறப்பட இரண்டு மாதம் இருக்கையில் கப்பலை மாற்றிவிட்டார்கள். அதில் 380 பேர். இரண்டு நாள் காற்றால் இறங்கவே முடியவில்லை. மற்ற நாட்களில் முறைவைத்து இறக்கினார்கள். முழுப் பணத்தையும் கேட்கலாமா? வழக்கு லண்டனில்தான் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது.

பதில்: ஐயா, இரண்டு குறைகளை ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறீர்கள், முதலில் பிரிப்போம். காற்றடித்த இரண்டு நாட்களை மறந்துவிடுங்கள். அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உசுவாயாவிலிருந்து, அண்டார்டிகாவுக்கு முன்னால் கிடக்கும் டிரேக் நீரிணையைக் கடந்து போகும் எந்தக் கப்பலும் வானிலை விட்டால்தான் ஆளை இறக்கும். மழை பொய்த்தால் யார்மீதும் வழக்குப் போட முடியாது. முறைத்தண்ணீரை அடுத்தவன் வயலுக்கு மடைமாற்றினால் போடலாம். டெல்டாக்காரருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மடைமாற்றம் நடந்தது கப்பலில். அண்டார்டிகாவில் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது என்பது அங்கே சுற்றுலா நடத்தும் நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டோவின் விதி. நூறு பேர் கப்பலில் எல்லோரும் ஒரே நடையில் இறங்கிவிடலாம். 380 பேர் என்றால் நான்கு நடை. ஒரு கூட்டம் பென்குயின் பார்க்கும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருளே அந்தச் சிறிய கப்பல்தான். அது தராதது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு.

லண்டனுக்குப் போக வேண்டாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க 34ஆம் பிரிவு இடம் தருகிறது; செலுத்திய தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். கட்டணம் 400 ரூபாய். திருச்சி முகவரை முதல் எதிர்தரப்பினராகவும் கப்பல் நிறுவனத்தை அடுத்தவராகவும் சேருங்கள். ‘நான் வெறும் இடைத்தரகர்’ என்பார் முகவர். பணம் வாங்கிய ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றில் கவனம்: ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற வாதத்தை மனுவில் எழுதிவிடாதீர்கள். அதை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை, மாநில ஆணையத்துக்குத்தான்.

உங்கள் பக்கத்து ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். கப்பல் மாறியது தெரிந்த பிறகு மீதித் தொகையைக் கட்டினீர்களா? கட்டியிருந்தால் ‘சம்மதித்துத்தானே வந்தார்’ என்பார்கள். அப்போது எதிர்ப்பைத் தெரிவித்த மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் பாதி வழக்கு ஜெயித்த மாதிரி. பழைய விளம்பரத்தாள், கப்பலில் தினமும் தந்த நிகழ்ச்சி நிரல், எதையும் தூக்கிப் போட வேண்டாம்.

18 லட்சத்தையும் கேட்காதீர்கள். போனீர்கள், சாப்பிட்டீர்கள், பனிமலையும் பார்த்தீர்கள். முழுத்தொகை கேட்டால் உங்கள் மனுவின்மீதே சந்தேகம் வரும். இரண்டு கப்பல்களின் கட்டண வித்தியாசம், மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு, இவ்வளவு போதும். இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

முகவர் உங்களிடம் டிசிஎஸ் என்று, அதாவது பணம் வாங்கும்போதே வசூலிக்கும் வரியாக, ஒரு தொகை பிடித்திருப்பார். அதற்கு வழக்கே வேண்டாம். அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.