கருப்பு வெள்ளைப் பிரிண்டில் பச்சை அடிப்பது ஏன்?

அண்ணாச்சி, திருநெல்வேலி சுலோசன முதலியார் பாலம், டவுன் ரத வீதிப் படங்களை லேபில் பிரிண்ட் போட்டால் லேசாகப் பச்சை அடிக்கிறது, வாங்க வந்தவர் "மொத்தம் எத்தனை பிரதி?" என்று கேட்டதற்கும் பதில் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

பச்சைக்கு உங்கள் படம் காரணமில்லை. கல்யாண ஆல்பம் போடும் கலர் பேப்பர் கருப்பையும் மூன்று சாயங்களைக் கலந்துதான் காட்டும். சமன் கொஞ்சம் தப்பினால் சாம்பல் நிறம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சாம்பல் மைகள் தனியாக உள்ள பிக்மென்ட் பிரிண்டரில் (சாயத்துக்குப் பதில் நுண்ணிய நிறத்துகள் மையால் அச்சிடுவது), பருத்திப் பேப்பரில் போடச் சொல்லுங்கள். முதலில் சின்னத் துண்டாகப் போட்டு, வெயிலிலும் டியூப்லைட்டிலும் பாருங்கள்.

பிரதிக் கணக்கை முதல் விற்பனைக்கு முன்பே முடிவு செய்யுங்கள். 15 என்றால் 15தான். ஓரத்தில் பென்சிலால் 3/15 (பதினைந்தில் மூன்றாவது பிரதி) என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பிற்பாடு பெரிய சைஸில் தனி வரிசை போடும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். மறைத்தால் முதலில் வாங்கியவர் சண்டைக்கு வருவார், அது நியாயமும்கூட.

அப்புறம் பிரேம். படம் கண்ணாடியைத் தொடக் கூடாது; ஐப்பசி ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது. இடையில் அமிலமில்லாத மவுண்ட் அட்டை (படம் தெரிய நடுவில் வெட்டிய அட்டை) வையுங்கள்.

பாலத்தை எல்லாரும் எடுக்கிறார்கள். நானாக இருந்தால் ரத வீதிப் படங்களைத்தான் முதலில் காட்டுவேன்.