ஊசிக்குப் பின் பசு தீவனம் எடுக்கவில்லை: ஈரல் கெட்டுவிட்டதா?

கேள்வி: கன்று ஈன்ற பசுவுக்குப் பத்தாம் நாள் காய்ச்சல் கண்டது. ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசி ஐந்து நாள் போட்டோம். காய்ச்சல் விட்டது. ஆனால் அடர்தீவனத்தைத் தொடுவதில்லை. வைக்கோலை மட்டும் கொறிக்கிறது. பாலும் பாதியாகிவிட்டது. மருந்து ஈரலைக் கெடுத்துவிட்டதா? ஈரல் டானிக் கொடுத்தால் போதுமா?

பதில்: பழி முழுவதையும் ஊசியின் மேல் போடாதீர்கள் ஐயா. ஈன்ற புதிதில் பாலுக்குத் தேவைப்படும் அளவு பசுவால் தின்ன முடியாது. அதனால் உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்கு வந்து குவியும். அங்கே அதற்கு இரண்டு வழிதான்: செல்லுக்குள் சக்தி உண்டாக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் எரிய வேண்டும், இல்லையென்றால் புரதத்தோடு சேர்ந்து ரத்தத்துக்கு வெளியேற வேண்டும். அசைபோடும் மாடுகளுக்கு இந்த இரண்டாவது வழி இயல்பாகவே குறுகலானது. மிஞ்சியது மெல்லிய உறை போர்த்திய கொழுப்புத் துளிகளாகச் செல்லுக்குள்ளேயே தங்கிவிடும். ஈனும் முன்பே கொழுத்திருந்த பசு என்றால் இன்னும் மோசம்.

நீங்கள் போட்ட ஊசி சேர்ந்த டெட்ராசைக்ளின் வகை மருந்து அளவு மீறினால் அந்த இரண்டு வழிகளையுமே மந்தமாக்கும். சரியான அளவில் போட்ட ஊசி மட்டும் ஈரலைக் கெடுப்பது அரிது. ஆனால் ஏற்கெனவே கொழுப்பேறிய ஈரலுக்கு அது கூடுதல் சுமை ஆகலாம். எல்லா மருந்தும் இப்படிச் செய்வதில்லை. நாய்களுக்கு வலிப்புக்குத் தரும் பினோபார்பிட்டால் கொழுப்பின் வழியை அடைப்பதைவிட, மருந்தைச் சிதைக்கும் உள்சவ்வுகளை ஈரல் செல்லில் பெருக்குகிறது. அதனால் ஈரலே பெரிதாகும்.

நீங்கள் சொல்வது எனக்குக் கீட்டோசிஸ் (உடம்புக் கொழுப்பு அதிகம் கரைவதால் கீட்டோன் என்னும் பொருள் ரத்தத்தில் மிகும் நோய்) போலத் தெரிகிறது. அடர்தீவனத்தை ஒதுக்கி வைக்கோலைத் தேடுவது அதன் பழகிய அடையாளம். மூச்சில் இனிப்பு வாடை அடிக்கிறதா பாருங்கள். மருத்துவரிடம் ரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள், லிட்டருக்கு 1.2 மில்லிமோலைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். கருப்பையில் சீழ் இருக்கிறதா, நான்காம் இரைப்பை இடம் மாறியிருக்கிறதா என்பதையும் அவர் பார்க்கட்டும். இவை தீராமல் பசி திரும்பாது.

கீட்டோசிஸ் என்று உறுதியானால், ரத்தச் சர்க்கரையை ஏற்ற உதவும் திரவமான புரோப்பிலீன் கிளைக்கால் 300 மில்லி, நாளுக்கு ஒரு முறை, 5 நாள் வாய்வழி கொடுப்பது வழக்கம். தலையை மிகவும் உயர்த்தாமல் மெதுவாகப் புகட்டுங்கள்; நுரையீரலுக்குள் போய்விட்டால் ஆபத்து. டானிக் மட்டும் இதற்குப் போதாது. ஐந்து நாள் ஊசி போட்ட அளவு, பசுவின் எடை இரண்டையும் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். அவர் சொல்லாமல் அடுத்த ஊசி வேண்டாம். கடைசி ஊசிக்குப் பின் மருந்துச் சீட்டில் குறித்த நாள் கடக்கும்வரை பாலை விற்காதீர்கள், வீட்டுக்கும் வைக்காதீர்கள்.