ஓர் இணைப்பு, இரண்டு கணினிகள்: கடற்கரை வீடுகளிலிருந்து வந்த கேள்விகள்

ராமநாதபுரத்தில் கணினி பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், வீட்டிலுள்ள இரண்டு கணினிகள் ஒரே இணைய இணைப்பைப் பகிர்ந்துகொள்வதில் எழும் சிக்கல்கள் பற்றிக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பாம்பனிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: ஐயா, அப்பாவின் கைப்பேசியை யு.எஸ்.பி. வயர் வழியாக வீட்டு டெஸ்க்டாப்பில் இணைத்து, அங்கிருந்து லேன் கேபிள் மூலம் என் லேப்டாப்புக்கு இணையம் எடுக்கிறேன். டெஸ்க்டாப்பில் எல்லாம் திறக்கிறது. லேப்டாப்பில் ‘இணையம் இல்லை’ என்றே காட்டுகிறது. எதை முதலில் பார்ப்பது?

அமைப்புகள் எதையும் மாற்றுவதற்கு முன்பு, உங்கள் லேப்டாப்பிடம் அதன் ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) என்ன என்று கேளுங்கள். நெட்வொர்க் அமைப்பில் அந்தக் கேபிள் இணைப்பைத் திறந்தால் அந்த எண் தெரியும். கோளாறு கேபிளின் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதை அந்த எண்ணே பெரும்பாலும் சொல்லிவிடும்.

எண் 169.254 என்று தொடங்கினால், முகவரி கேட்ட லேப்டாப்புக்கு யாரும் பதில் தராததால் அது தனக்குத்தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிளில் பழுது இருக்கலாம், அல்லது டெஸ்க்டாப்பில் பகிர்வு இயங்காமல் இருக்கலாம். 192.168.137 என்று தொடங்கினால், டெஸ்க்டாப் முறையாக முகவரி கொடுத்துவிட்டது. தடை அதற்கு அப்பால் இருக்கிறது.

உங்களுடையது முதல் வகையாக இருக்குமென்று நினைக்கிறேன். டெஸ்க்டாப்புக்கு இரண்டு வாசல்கள்: ஒன்று கைப்பேசி வழியாக வெளியுலகைப் பார்ப்பது, மற்றது கேபிள் வழியாக உங்களைப் பார்ப்பது. பகிர்வுக்கான டிக் குறியை வெளியுலகைப் பார்க்கும் வாசலில்தான் இட வேண்டும். என்னிடம் வருபவர்களில் பலர் அதை லேப்டாப் பக்கத்து வாசலில் இட்டுவிட்டே வருகிறார்கள். சரியான இடத்தில் இட்டவுடன் விண்டோஸ் மற்ற வாசலுக்கு 192.168.137.1 என்ற எண்ணைத் தானே வைத்து, அடுத்த கணினிக்கு முகவரி வழங்கத் தொடங்கும். கைப்பேசியை வேறொரு யு.எஸ்.பி. துளையில் செருகினால் விண்டோஸ் அதைப் புதிய இணைப்பாகக் கருதிவிடக்கூடும். அப்போது டிக் பழைய இணைப்பிலேயே தங்கிவிடும். ஆகவே எப்போதும் ஒரே துளையைப் பயன்படுத்துங்கள்.

முகவரி சரியாக வந்தும் தளங்கள் திறக்கவில்லையென்றால், லேப்டாப்பிலிருந்து 8.8.8.8 என்ற எண்ணுக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைக் கட்டளை) அனுப்பிப் பாருங்கள். எண் பதில் தந்து, பெயரால் மட்டும் தளம் திறக்காவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவையில்தான் கோளாறு, லேப்டாப்பின் டி.என்.எஸ். இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று எழுதினால் போதும். டெஸ்க்டாப்புக்கே பிங் அனுப்பிப் பதில் வராததைக் கண்டு கலங்க வேண்டாம். அதன் ஃபயர்வால் (பாதுகாப்புத் தடுப்பு) அந்தக் கேள்வியைத் தடுத்திருக்கலாம்.

தங்கச்சிமடத்திலிருந்து: ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வந்த பிறகும் பகிர்வு நின்றுவிடுகிறது, ஆனால் டிக் குறி அப்படியே இருக்கிறது.

விண்டோஸ் 10-இல் நன்கு அறியப்பட்ட குறை இது. டிக்கை எடுத்து, ஓகே கொடுத்து, மீண்டும் இட்டால் வேலை செய்யும். தினமும் அதைச் செய்ய இயலாதெனில், விண்டோஸின் சர்வீசஸ் (பின்னணிச் சேவைகள்) பட்டியலில் ‘இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங்’ என்பதைத் திறந்து ‘ஆட்டோமேட்டிக்’ என்று வையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், சிறிய ரவுட்டர் ஒன்று வாங்கிவிடுவதே நல்லது. ஒரு கணினி விழித்திருந்தால்தான் மற்றதற்கு இணையம் என்ற ஏற்பாடு அவசரத்துக்குத்தான் பொருந்தும்.

கீழக்கரையிலிருந்து: காக்கா (அண்ணா), கீழ்த்தளத்து ரவுட்டரிலிருந்து மாடிக் கணினிக்கு வெளிச்சுவர் வழியாகக் கேபிள் இழுத்திருக்கிறோம். முதலில் நன்றாக இருந்தது. இப்போது வேகம் குறைந்து, இடையிடையே அறுந்தும் போகிறது. கீழே உள்ள கணினிக்கு எந்தக் குறையும் இல்லை.

கீழே குறையில்லை என்று நீங்களே சொல்லிவிட்டதால் ரவுட்டரையும் இணைய நிறுவனத்தையும் விட்டுவிடலாம். மிஞ்சுவது கேபிளும் அதன் இரு முனைகளும்தான். மாடிக் கணினியில் அந்த இணைப்பின் நிலையைத் திறந்து வேகத்தைப் பாருங்கள். முன்பு 1 ஜி.பி.பி.எஸ். (அதாவது 1000 எம்.பி.பி.எஸ்.) காட்டிய இடத்தில் இப்போது 100 எம்.பி.பி.எஸ். காட்டினால், உள்ளே ஏதோ ஒரு கம்பி தொடர்பு இழந்திருக்கிறது. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. 1 ஜி.பி.பி.எஸ். வேகத்துக்கு எட்டும் வேண்டும். 100-க்கு நான்கே போதும். அதனால்தான் முழுவதும் நின்றுபோகாமல் நொண்டிக்கொண்டு ஓடுகிறது.

நம் கரையில் இதற்குக் காரணம் பெரும்பாலும் உப்புக்காற்றுதான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் சன்னல் கம்பியே துருவேறும்போது, கேபிள் முனையிலுள்ள கிளிப்புக்குள் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பி மட்டும் தப்புமா? கிளிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நுனியில் பச்சைப் படிவு தெரியும். அதைச் சுரண்டுவதாலோ எண்ணெய் தடவுவதாலோ பயனில்லை (தேங்காய் எண்ணெய் தடவிக் கொண்டுவந்தவரும் உண்டு, தூசி ஒட்டியதுதான் மிச்சம்). முனையில் நான்கு விரற்கடை வெட்டி எறிந்துவிட்டு, புதிய கிளிப் போட்டுக் கிரிம்ப் செய்யுங்கள் (அதற்கான கருவியால் அழுத்திப் பொருத்துங்கள்). வெட்டிய இடத்தில் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம்; விலை குறைவு என்று வாங்கப்படுவது, கடலோரத்தில் நீடிப்பதில்லை. கேபிளையே மாற்றுவதானால் முழுச் செம்பில், வெளிப்புறப் பயன்பாட்டுக்கான கறுப்பு உறையுடன் கேளுங்கள். மழைநீர் கிளிப்பை நோக்கி வழியாதபடி, சுவருக்குள் நுழையுமுன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு உள்ளே இழுங்கள்.

தனுஷ்கோடிச் சாலையருகே கடை வைத்திருப்பவர்: வீட்டில் ஒழுங்காக ஓடும் கைப்பேசி இணைப்பு, கடையில் இரண்டு கணினிக்கும் திடீரென்று நின்றுவிடுகிறது. பகிர்வில் குறையா?

இரண்டும் ஒரே நேரத்தில் நிற்பதால் பகிர்வில் குறையில்லை. கைப்பேசியின் மேல்வரியில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று அந்த நேரத்தில் பாருங்கள். அங்கே இலங்கைக் கோபுரங்களின் சிக்னல் கடல் தாண்டி வருவது உங்களுக்கே தெரிந்திருக்கும். நம் சிக்னல் சற்றுத் தளர்ந்தால் கைப்பேசி அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து எடுத்து உங்கள் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுங்கள். டேட்டா ரோமிங்கையும் அணைத்துவையுங்கள். இல்லையேல் கட்டணம் ஏறிவிடும்.

மண்டபத்திலிருந்து: பழைய ரவுட்டரோடு இரண்டாவது ரவுட்டர் ஒன்றையும் சேர்த்தேன். இரண்டு கணினிகளிலும் இணையம் வருகிறது, ஆனால் ஒன்றிலிருந்து மற்றதன் பிரிண்டர் தெரியவில்லை.

இரண்டாவது ரவுட்டரின் ‘வான்’ (WAN, வெளி இணைப்புக்கான) துளையில் கேபிளைச் செருகியிருப்பீர்கள். அதனால் அது தனியொரு வீடாகச் சுவர் எழுப்பிக்கொண்டது. அதன் சொந்த முகவரியை, முதல் ரவுட்டர் 192.168.1.1 என்றால் 192.168.1.2 என்று மாற்றி, அதில் முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சேவையை அணைத்துவிட்டு, பிறகு கேபிளை அதன் லேன் துளைக்கு மாற்றுங்கள். இந்த வரிசை முக்கியம். முதலில் கேபிளை மாற்றினால் இரண்டு ரவுட்டர்களும் போட்டி போட்டு முகவரி வழங்கத் தொடங்கும். அதன் பிறகும் பிரிண்டர் தெரியாவிட்டால், இரு கணினிகளிலும் நெட்வொர்க் வகை ‘பிரைவேட்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

தேவிபட்டினத்திலிருந்து: தம்பி கணினியைத் திறந்தாலே என் காணொளி வகுப்பு நின்றுவிடுகிறது.

அவர் கணினி விண்டோஸ் அப்டேட்டை இறக்கிக்கொண்டிருக்கலாம். அவர் கணினியில் அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ (அளவு கட்டுப்பாடுள்ளது) என்று குறித்துவிட்டால் பெரும்பாலான பதிவிறக்கங்கள் காத்திருக்கும்.

தொண்டியிலிருந்து: பக்கத்து மனையிலுள்ள அண்ணன் வீட்டுக்கு, தென்னைகளின் மேலாக அறுபது மீட்டர் லேன் கேபிள் கட்டியிருந்தோம். ஐப்பசியில் ஓர் இடி இறங்கியதில் இரண்டு வீட்டுக் கணினிகளிலும் லேன் துளை போய்விட்டது. புதிதாக எந்தக் கேபிள் போடலாம்?

தூரம் பிரச்சினையன்று, நூறு மீட்டர் வரை லேன் கேபிள் தாங்கும். ஆனால் இரண்டு வீடுகளுக்கு இடையே திறந்த வெளியில் செம்பைத் தொங்கவிட்டால், மின்னல் நேரே விழ வேண்டியதுகூட இல்லை. அருகில் விழுந்தாலே கேபிளில் பாயும் அழுத்தம் இரு முனைகளையும் பொசுக்கிவிடும். வடகிழக்குப் பருவமழை வரும் ஒவ்வோர் ஆண்டும் இந்த ஆபத்து திரும்ப வரும். ஆகவே செம்பே வேண்டாம். உலோகக் கம்பி சேர்க்காத ஃபைபர் கேபிளை இழுத்து, இரு முனைகளிலும் ஒவ்வொரு மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரின் ஒளியையும் லேன் கேபிளின் மின் சிக்னலையும் ஒன்றிலிருந்து மற்றதாக மாற்றும் சிறு பெட்டி) வையுங்கள். ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. போன லேன் துளைகளுக்காகக் கணினியை மாற்ற வேண்டியதில்லை, யு.எஸ்.பி.யில் செருகும் லேன் அடாப்டர் ஒன்றை இரண்டிலும் போட்டுப் பாருங்கள்.