பாட்டி வீட்டுக்கு எந்தச் செயலியில் போவது?

அன்புள்ள ஐயா,

செந்தூலில் இருந்து எழுதுகிறேன். என் தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்தவர். அம்மா வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸ் ஹண்ட்ரட் குவாட்டர்ஸ் என்ற ரயில்வே குடியிருப்பில். அந்த வீடுகளை இடித்துவிட்டார்கள். அங்கே வாழ்ந்தவர்களின் நினைவுகளைத் தொகுத்துப் புத்தகமாக்க இரண்டு வருடமாக முயல்கிறேன். நோஷன் என்ற குறிப்புச் செயலியில் ஆளுக்கொரு பக்கம், டிரெல்லோ என்ற திட்டச் செயலியில் அத்தியாயத்துக்கொரு அட்டை, 25 நிமிடம் வேலை, பிறகு சின்ன இடைவேளை என்று மணியடிக்கும் பொமோடோரோ செயலி, எல்லாம் இருக்கிறது. கேள்விகள் மட்டும் 84. ஆனால் இன்னும் ஒருவரிடமும் பேசவில்லை. போன மாதம் பட்டியலில் மூன்றாவதாக இருந்த பெரியவர் தவறிவிட்டார். நீங்கள் எந்தச் செயலியில் வேலை செய்கிறீர்கள்? எனக்கு எது சரிப்படும்?

ம., கோலாலம்பூர்

அன்புள்ள ம.,

பெரியவர் போன செய்தி வருத்தமாக இருக்கிறது. நோஷனில் அவருடைய பக்கத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்க வாய் வருகிறது. கேட்கவில்லை.

பினாங்கில் என் மேசையில் இருப்பது ஒரு பள்ளிக்கூட நோட்டும் கைப்பேசியும்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நானும் மூன்று செயலி மாறியவன். ஒன்றில் இருந்த குறிப்புகளை இன்னொன்றுக்கு மாற்றவே ஒரு நோன்புப் பெருநாள் விடுமுறை முழுக்கப் போனது. மாற்றி முடித்த இரவு, ஒரு நாவலையே எழுதி முடித்ததுபோல அப்படி ஒரு நிம்மதி. எழுதியிருந்ததோ ஒரு வரிகூட இல்லை.

அந்த நிம்மதிதான் ஆபத்து. மாமாக் கடையில் கவனித்திருப்பீர்கள். ஆறு மேசைக்கு யார் தே தாரேக், யார் தே ஓ ஐஸ், யாருக்குச் சீனி குறைவு என்று எழுதாமலே அந்த அண்ணன் கொண்டுவந்து வைப்பார். காசு கொடுத்த பிறகு என்ன குடித்தோம் என்று கேட்டால் முழிப்பார். பெர்லினில் புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் இதே விஷயத்தைச் சோதித்துப் பார்த்து, பாதியில் நின்ற வேலையே மனதில் அதிகம் தங்குகிறது என்று 1927இல் எழுதினார். அந்த உறுத்தல்தான் நம்மை எழுப்பி உட்கார வைக்கும். ஆனால் 2011இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் இன்னொன்றைக் காட்டினார்கள். வேலையை முடிக்கக்கூட வேண்டாம், எப்படி முடிப்பேன் என்று தெளிவாகத் திட்டம் போட்டாலே உறுத்தல் அடங்கிவிடுகிறதாம். அவர்கள் அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார்கள். உங்கள் கதையில் எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு அட்டையை நகர்த்தி, குடிக்காத தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்திருக்கிறீர்கள்.

பொமோடோரோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களின் இறுதியில் இத்தாலியில் படிப்பு ஓடாமல் தவித்த பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர், பத்து நிமிடமாவது ஒழுங்காகப் படிக்க முடியுமா பார்ப்போம் என்று சமையலறையில் கிடந்த தக்காளி வடிவக் கடிகாரத்தைத் திருகி வைத்தார். பொமோடோரோ என்றால் இத்தாலிய மொழியில் தக்காளி. முதலில் உட்கார்ந்தார், 25 நிமிடக் கணக்கெல்லாம் பிறகு வந்தது.

சரி, திட்டமே வேண்டாமா? வேண்டும், ஒரு வரி. எப்போது, எங்கே, என்ன செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் சொன்னதைச் செய்வது அதிகம் என்று பீட்டர் கோல்விட்ஸர் 1999இல் எழுதினார். ‘பெரியவர்களைப் பேட்டி காண வேண்டும்’ என்பதில் இந்த மூன்றில் இரண்டு இல்லை. ‘சனிக்கிழமை காலை பத்து மணி, பட்டியலில் உள்ள பாட்டி வீட்டில்’ என்றால் பாட்டியே போன் போட்டு எங்கே காணோம் என்று கேட்பார்.

யாரிடம் முதலில் போவது என்று யோசிக்காதீர்கள். வயதில் மூத்தவரிடம் போங்கள். 1943இல் அப்பாவை, ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு அனுப்பிவிட்டு நின்ற பத்து வயதுப் பிள்ளைக்கு இன்று தொண்ணூறு தாண்டியிருக்கும்.

84 கேள்விகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் போதும். ‘பாட்டி, குவாட்டர்ஸில் உங்கள் வீடு எப்படி இருந்தது, கொஞ்சம் வரைந்து காட்டுங்கள்’ என்று கேளுங்கள். வாழ்க்கை எப்படி இருந்தது என்று கேட்டால் ‘கஷ்டந்தான்மா’ என்று முடித்துவிடுவார்கள். அடுப்படி எங்கே, குழாய் எங்கே, யார் எங்கே படுத்தார்கள் என்று கேட்டால் மாமியார் வருவார், பக்கத்து வீட்டோடு போட்ட சண்டை வரும், இரவு வேலைக்குப் போன தாத்தா பகலில் தூங்க இடமில்லாமல் புலம்பியது வரும். வரைந்து கைவலித்தால் நீங்கள் வரையுங்கள். தப்பாக வரைந்தால் இன்னும் நல்லது, திருத்துவதற்காகவே பேசுவார்கள்.

பதிவு செய்யலாமா என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். மின்விசிறிக்கு நேரே வைக்காதீர்கள், காற்றுதான் பதிவாகும். நான் அப்படி ஒரு மணி நேரக் காற்று வைத்திருக்கிறேன். பழைய படம் காட்டினால் பின்பக்கத்தையும் படம் எடுங்கள், தேதி அங்கேதான் இருக்கும். அன்றிரவே நினைவிருப்பதை இரண்டு பக்கம் எழுதிவிடுங்கள். ஐந்து பேரிடம் பேசிய பிறகு என்னென்ன பெட்டி வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். நோஷன் எங்கேயும் ஓடிவிடாது, அப்போது திறக்கலாம்.

அப்புறம், வெறுங்கையோடு போகாதீர்கள். முறுக்கோ பலகாரமோ வாங்கிப் போங்கள். பாட்டிக்குச் சர்க்கரை இருக்கிறதா, பல் இருக்கிறதா என்று மட்டும் போன் போடும்போதே கேட்டுவிடுங்கள்.