மோன்டே பேலஸ் ஏன் கைவிடப்பட்டது?

கேள்வி: போர்ச்சுகல் பயணத்தின்போது அசோர்ஸ் தீவுகளுக்கும் செல்ல எண்ணியுள்ளோம். அங்கே மலையுச்சியில் கைவிடப்பட்டுக் கிடக்கும் மோன்டே பேலஸ் விடுதிக்குள் சிலர் ஏறிச் சென்று எடுத்த படங்களைப் பார்த்தேன். அது ஏன் கைவிடப்பட்டது? நாங்களும் உள்ளே செல்லலாமா?
- வாசகி ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: சாவ் மிகெல் தீவின் மேற்குப் பகுதியில், பழைய எரிமலை வாயின் விளிம்பில், விஸ்டா டோ ரெய் என்ற காட்சிமுனைக்கு அருகிலேயே அந்த விடுதி நிற்கிறது. கீழே, எரிமலைக் குழியின் அடியில், நீலமும் பச்சையுமாகச் செட்டே சிடாடெஸ் இரட்டை ஏரிகள் விரிந்து கிடக்கின்றன. அந்தக் காட்சி ஒன்றையே நம்பி, 88 அறைகளுடன் ஐந்து நட்சத்திர விடுதியாகக் கட்டி 1989இல் திறந்தவர்கள், இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள்ளாகவே அதை மூடும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

காரணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. லிஸ்பனிலிருந்து ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தொலைவில், நடுக்கடலில் உள்ள தீவு அது. தீவின் தலைநகரான பொன்டா டெல்காடாவையும் கடற்கரையையும் விட்டு விலகிய மலையுச்சியில், மூடுபனி இறங்கிவிட்டால் ஏரி எந்தத் திசையில் இருக்கிறது என்பதே தெரியாது. குறைந்த கட்டண விமானங்கள் அந்தத் தீவுக்கு வரத் தொடங்கியது 2015இல்தான். இன்று கூட்டம் கூட்டமாக வரும் பயணிகள் அன்று வந்திருந்தால் விடுதி பிழைத்திருக்கும் என்பதே என் கருத்து.

படங்களில் நீங்கள் பார்க்கும் வெறுமையை ஏற்படுத்தியது காலம் மட்டுமல்ல. காவல் இருந்தவரை ஓரளவு கட்டுக்கோப்பாக இருந்த கட்டடம், காவலர்கள் போன பிறகே சூறையாடப்பட்டது. கதவு, கம்பி, குளியலறைப் பொருள்கள் என எடுக்க முடிந்த அனைத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். எஞ்சியிருப்பது கான்கிரீட் எலும்புக்கூடுதான். மின்தூக்கி இருந்த இடத்தில் பல மாடி ஆழத்துக்குத் திறந்த குழி, மழைநீர் தேங்கித் தேங்கி வழுக்கும் தரை, அதன்மேல் பாசி.

ஆகவே, உள்ளே செல்லாதீர்கள் என்றே சொல்வேன். அது தனியார் சொத்து. நுழைவுக்குத் தடையும் உண்டு. அங்கே தவறி விழுந்தால் பயணக் காப்பீடு கைகொடுக்கும் என்று நம்ப முடியாது. பிறர் ஏறினார்களே என்பது நமக்கு அனுமதியாகாது. காட்சிமுனையில் நின்றாலே ஏரிகளையும், அவற்றுக்காகக் கட்டப்பட்டு வீணாகிப்போன அந்தப் பெரிய கட்டடத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். பனி கலையும் வரை காத்திருக்கும் வகையில் நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சைப்ரஸ் தீவின் வரோஷா பகுதியில் கைவிடப்பட்டுக் கிடக்கும் விடுதிகளும் இதே போன்றவைதானா?
- வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: இல்லை. மோன்டே பேலஸை உரிமையாளர்களே மூடினார்கள். வரோஷாவிலோ, 1974 ஆகஸ்டில் துருக்கியப் படை முன்னேறியபோது ஊர்மக்கள் உயிர் தப்பி ஓடினார்கள். பிறகு அந்தக் கடற்கரைப் பகுதி முழுவதும் வேலியிட்டு அடைக்கப்பட்டது. அங்கே அம்மக்களைத் தவிர வேறு எவரையும் குடியேற்ற முயல்வது ஏற்கத்தக்கதல்ல என்று ஐ.நா. பாதுகாப்பு அவையின் 550ஆம் தீர்மானம் 1984இலேயே கூறியது. 2020 அக்டோபரில் ஒரு பகுதி பார்வையாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டதை அந்த மக்கள் வேதனையோடு எதிர்த்தார்கள். செல்வதானால், அங்குள்ள சொத்துகளின் உரிமை இன்னும் தீர்க்கப்படாத வழக்கு என்பதை அறிந்தே செல்லுங்கள். திறந்த தெருக்களில் நடக்கலாமே தவிர, கட்டடங்களுக்குள் நுழைய அங்கும் அனுமதி இல்லை.